நூறு என்று காட்டும், நூறு அடி போயிராது

கேள்வி: வணக்கம் அண்ணா. நானும் அப்பாவும் ஒன்ராறியோ ஏரிக்கரையில், ஏஜாக்ஸில் இருக்கிறோம். போன மாரியில் ஒரே மொடல் லைன் கவுண்டர் றீல் (எத்தனை அடி நூல் போனது என்று இலக்கத்தில் காட்டும் தூண்டில் றீல்) இரண்டு, பாவித்தவை, வாங்கினேன். முதலாவதில் பழைய சொந்தக்காரர் சுற்றிய தங்கூசி, அதாவது நைலோன் நூல், அப்படியே கிடக்கிறது. நூல் சுற்றும் உருளையான ஸ்பூலில் முக்கால்வாசி இருக்கும். இரண்டாவதில் 30 இறாத்தல் பிறெயிட் (பின்னல் நூல்) புதிதாக நிறையச் சுற்றினேன். ஓகஸ்ட் மாதம் சமன் மீனுக்குப் போய், இரண்டையும் 150 அடி என்று காட்டும்வரை விட்டு, தூண்டிலை ஆழத்துக்குக் கொண்டுபோகும் டைவர் ஒரே மாதிரிக் கட்டி இழுத்தோம். பிறெயிட் உள்ளதில் மட்டும்தான் மீன் அடித்தது. சுற்றி எடுத்தால் தங்கூசி றீல் 8-இல் நிற்கிறது. பிறெயிட் றீல் 0-ஐத் தாண்டி 991-க்குப் போகிறது. அதில் பெரிய மீன் பிடித்தால், ஸ்பூலைப் பிடித்து நிறுத்தும் ட்ராக்கை இறுக்கினாலும் நூல் போகிறது, ஆனால் டிக் டிக் சத்தம் இல்லை. போதாததற்கு முதலாவது றீலின் கண்ணாடிக்குள் ஆவி பிடித்து, பத்தாம் இடத்து இலக்கம் 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கிறது. இரண்டையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதா? அப்பா பருத்தித்துறையில் கடலுக்குப் போனவர். "மணிக்கூட்டை நம்பாதே, பாகம் அளந்து விடு" என்கிறார். பாகம் என்றால் விரித்த இரண்டு கையின் நீளம்.

பதில்: தம்பி, எறிய வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது றீலில் ஒரு பழுதும் இல்லை. முதலாவதுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. அப்பா சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் பதியுங்கள். லைன் கவுண்டர் நூலை அளப்பதில்லை, ஸ்பூலின் சுற்றை எண்ணுகிறது. டைவா, ஒக்குமா, ஷிமானோ, பென் என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும், பற்சக்கரத்தில் ஓடும் கவுண்டர் என்றால் கதை ஒன்றுதான். ஸ்பூல் சுழலும்; அதன் பக்கத்தில் உள்ள பல் ஒரு சின்னச் சக்கரத்தைத் தள்ளும்; அது மேலே இலக்கச் சக்கரங்களை உருட்டும். எவ்வளவு நூல் போனது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. ஸ்பூல் விளிம்பு மட்டும் நிறைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு சுற்றுக்கு இத்தனை அங்குலம் என்று செய்தவர்கள் வைத்த கணக்கைத்தான் அது காட்டுகிறது.

நூல் குறைந்த ஸ்பூலில் அந்தக் கணக்கு எப்படிப் பிசகும் என்று ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நிறைந்த ஸ்பூலின் விட்டம் 50 மில்லிமீற்றர் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 157 மில்லிமீற்றர் நூல் போகும். நூறு அடி, அதாவது 30.48 மீற்றர், போக 194 சுற்று வேண்டும். இப்போது அதே ஸ்பூலில் நூல் குறைந்து விட்டம் 42 ஆகிவிட்டது. அதே 194 சுற்றுக்கு இப்போது 25.6 மீற்றர்தான் போகும், அதாவது 84 அடி. கவுண்டரோ கூசாமல் 100 என்று காட்டும். 150 என்று காட்டும்போது உண்மையில் 126 அடிதான் தண்ணீரில் இருக்கும். நூல் போகப் போக விட்டம் இன்னும் சுருங்குவதால் உண்மையில் அதுவும் இராது. உங்கள் முக்கால்வாசி ஸ்பூலுக்கு நடந்தது இதுதான்.

இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தங்கூசி தடிப்பு, பிறெயிட் மெல்லியது. மெல்லிய நூலைத் தண்ணீர் குறைவாகத்தான் இழுக்கும், அதனால் டைவர் இன்னும் ஆழத்துக்குப் போகும். ஆகவே உங்கள் இரண்டு தடியும் 150 என்று ஒரே இலக்கத்தைக் காட்டிக்கொண்டு இரண்டு வெவ்வேறு ஆழத்தில் ஓடியிருக்கின்றன. மீன் ஒன்றில் மட்டும் அடித்தது றீலின் ராசி அல்ல.

ஓகஸ்டில் இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. கோடையில் ஒன்ராறியோ ஏரி இரண்டு படையாகப் பிரிந்துவிடும். மேலே குளிக்கக்கூடிய சூட்டுத் தண்ணீர், கீழே பல்லைக் கிட்டவைக்கும் குளிர்த் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் சில அடிக்குள் வெப்பநிலை சடாரென்று விழும். சினூக் சமன் பசிபிக் கரையிலிருந்து 1960களின் பிற்பகுதியிலிருந்து பேரேரிகளுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட மீன். அதற்குப் பிடித்தது 10 முதல் 13 பாகை செல்சியஸ் தண்ணீர். அது அந்த நடுப்படையை ஒட்டித்தான் திரியும். அந்தப் படையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேல்காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால், ஏஜாக்ஸ், விற்பி பக்கத்து வடகரையிலிருந்து மேலேயுள்ள சூட்டுத் தண்ணீர் நடு ஏரிக்கு நகரும், கீழிருந்து குளிர் ஏறி வரும். நேற்று 90 அடியில் நின்ற மீன் இன்று 40 அடியில் நிற்கும். இப்படி இடம் மாறும் மீனைத் தேடும்போது கையிலுள்ள அளவு இருபது அடி பொய் சொன்னால், அன்றைய நாள் முழுவதும் வெறும் தண்ணீரைத்தான் இழுத்துக்கொண்டிருப்போம்.

இனி 8-உம் 991-உம். இந்த இரண்டு இலக்கத்துக்காகவே என்னிடம் றீலைக் கொண்டுவருபவர்கள் பலர். ஏழெட்டு அடி கூடக்குறைய வருவது பழுதில்லை. போகும்போது இருந்த இறுக்கத்தோடு நூல் திரும்பிப் படியாது. உங்கள் பழைய தங்கூசி வருடக்கணக்காகக் கிடந்து இறுகியது. வெளியே போய்த் திரும்பும்போது பொதுபொதுவென்று படிகிறது, படை தடிக்கிறது, சுற்றுக் குறைகிறது, 8 மிச்சம் நிற்கிறது. எதிர்மாறாக, போனதை விட இறுக்கமாகச் சுற்றினால் விட்டம் சிறுக்கும், கூடுதல் சுற்று வேண்டும், இலக்கம் 0-ஐத் தாண்டி 999, 998 என்று பின்னுக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் ஸ்பூன் (கரண்டி மாதிரியான தகட்டுத் தூண்டில்) தண்ணீரைத் தொடும் இடத்தில் வைத்து றீசெற் செய்துவிட்டு விட்டால் இது பிரச்சினையே இல்லை.

ஆனால் உங்கள் பிறெயிட் றீலின் 991-ஐ நான் அப்படி விடமாட்டேன். டிக் டிக் சத்தம் இல்லாமல் நூல் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வசனம்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உதவியது. அந்தச் சத்தம் ஸ்பூல் சுழன்றால் வருவது. ஸ்பூல் சுழலாமல் நூல் போகிறது என்றால், பிறெயிட் முழுக்கட்டியாக ஸ்பூலின் மேல் வழுக்குகிறது. ட்ராக் ஸ்பூலை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, ஸ்பூல்தான் நூலைப் பிடிக்கவில்லை. சுழலாத ஸ்பூலைக் கவுண்டரும் எண்ணாது. அதனால் கணக்கில் வராமல் ஒன்பது அடி போயிருக்கிறது, சுற்றி எடுக்கும்போது 0-ஐத் தாண்டி அது வெளியே வந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஸ்பூலின் விளிம்பிலும் அதற்கு நேரே நூல்கட்டியின் பக்கத்திலும் மார்க்கர் பேனையால் ஒரே கோடு போடுங்கள். ட்ராக்கை இறுக்கிவிட்டுத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நூலை இழுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்தால் வழுக்குகிறது. வெறுங்கையில் பிறெயிட்டை இழுக்க வேண்டாம், தோலை அறுத்துவிடும்.

இதற்கு மருந்து அடியில் கொஞ்சம் தங்கூசி. தங்கூசி ஸ்பூலைக் கவ்விப் பிடிக்கும், பிறெயிட் அதன் மேல் அமரும். எவ்வளவு தங்கூசி போட்டால் ஸ்பூல் சரியாக நிறையும் என்பதுதான் எல்லோரும் திணறும் இடம். உங்களிடம் ஒரே மாதிரி இரண்டு றீல் இருப்பது நல்லதாகப் போய்விட்டது. முதலில் இரண்டையும் வெறுமையாக்குங்கள். பழைய தங்கூசியை வீசிவிடுங்கள், வெயிலில் கிடந்த நைலோன் நம்பத்தக்கதல்ல. ஏரியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பறவைகளின் காலைச் சுற்றி அறுக்கும். பிறகு ஒரு றீலில் தலைகீழாகச் சுற்றுங்கள்: முதலில் உங்களுக்கு வேண்டிய அளவு பிறெயிட், அதன் மேல் புதுத் தங்கூசி, விளிம்புக்கு மூன்று மில்லிமீற்றர் கீழே வரும்வரை. நிறைந்ததும் தங்கூசியை அறுத்து, அந்த நுனியை மற்ற றீலின் ஸ்பூலில் கட்டி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். இப்போது அங்கே தங்கூசி அடியில், பிறெயிட் மேலே, அளவும் கச்சிதம். மாற்றும்போது அந்த றீலின் கவுண்டரை 0-இல் வைத்துத் தொடங்கி, தங்கூசியும் பிறெயிட்டும் சேரும் முடிச்சு வரும் இடத்தில் என்ன இலக்கம் என்றும், இலக்கம் எத்தனை தரம் 000-ஐக் கடந்தது என்றும் எழுதிவையுங்கள். வெறுமையான அடுத்த றீலிலும் அதே இலக்கம் வரும்வரை தங்கூசி சுற்றி, அதே பிறெயிட்டை அதே அளவு போட்டால், இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இதை முதலாவது றீலின் கவுண்டரைத் திருத்திய பிறகு செய்யுங்கள், இல்லாவிட்டால் இலக்கம் கிடைக்காது.

சுற்றும்போது ஈரத்துணியால் நூலை நன்றாகப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றிய பிறெயிட்டுக்குள் முதல் பெரிய மீனே நூலைப் புதைத்துவிடும். நூல் ஒரு பக்கம் மலையாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் படிந்தால், முன்னால் இடமும் வலமும் ஓடி நூலைப் பரப்பும் பாகத்தைப் பாருங்கள். அதன் திருகுத் தண்டில் ஓடும் சின்ன நாக்கு தேய்ந்திருக்கும், மாற்றுவது சுலபம். மேடு பள்ளமாகப் படிந்த ஸ்பூலிலும் அடிக்கணக்கு சரிவராது.

முதலாவது றீலைத் திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இதை நான் என் மேசைக்கு வரும் ஒவ்வொரு றீலுக்கும் செய்கிறேன், ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஸ்பூல் விளிம்பில் சின்னத் துண்டு ரேப் ஒட்டுங்கள். றீசெற் பொத்தானை அடிவரை அழுத்தி விடுங்கள், அரைகுறையாக அல்ல. ஸ்பூலை விடுவித்து, பெருவிரலால் மெதுவாகச் சரியாக 20 சுற்றுச் சுற்றி இலக்கத்தை எழுதுங்கள். திரும்ப 0, திரும்ப 20. இப்படிப் பத்துத் தடவை. பத்துத் தடவையும் ஒரே இலக்கம் வந்தால் கவுண்டர் சுகமாக இருக்கிறது, பிழை நூலில்தான். ஒரு தரம் 10, ஒரு தரம் 8, ஒரு தரம் 9 என்று வந்தால் எங்கேயோ பல் தவறுகிறது. ஒன்றுமே அசையவில்லை என்றால் நடுச் சக்கரம் இடம் விலகியிருக்கும் அல்லது பல் உடைந்திருக்கும். மெதுவாகச் சுற்றினால் சரி, வேகமாகச் சுற்றினால் தவறுகிறது என்றால், கவுண்டரைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தளர்ந்து பல்லும் பல்லும் ஆழமாகக் கவ்வவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். திருகாணியை மெல்ல இறுக்கினாலே போதும். பிளாஸ்ரிக்கில் இறங்கும் திருகாணி அது, பலத்தைக் காட்டினால் மரை அழிந்துவிடும்.

இலக்கம் 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்பதற்கு இரண்டு காரணம்தான் நான் அதிகம் கண்டது. ஒன்று, ஸ்பூல் ஓடிக்கொண்டிருக்கும்போது றீசெற்றை அழுத்துவது. ஒன்றாம் இடம் 9-இலிருந்து 0-க்கு உருளும் தருணத்தில் ஒரு குட்டிப் பற்சக்கரம் பத்தாம் இடத்தை ஒரு படி தள்ளும். அந்தத் தருணத்தில் அழுத்தினால் அது பாதியில் தொங்கிவிடும். ஸ்பூலை அசையாமல் பிடித்துக்கொண்டு நான்கைந்து தரம் முழுதாக அழுத்தினால் பல சமயம் தானாகவே சரியாகும். மற்றக் காரணம் எண்ணெய். நல்லது செய்வதாக நினைத்து யாரோ உள்ளே எண்ணெயோ கிறீஸோ விட்டிருப்பார்கள். நானே இந்தத் தொழிலின் தொடக்கத்தில் ஒரு பெரியவரின் றீலுக்கு இலக்கச் சக்கரங்களில் தடித்த கிறீஸ் பூசிக் கொடுத்தேன். வீட்டுச் சூட்டில் அழகாக ஓடியது. ஏப்ரல் விடியற்காலை ஏரிக் குளிரில் அது மெழுகாக இறுகி, அவருடைய முதல் நாளையே கெடுத்துவிட்டது. அன்றிலிருந்து இலக்கச் சக்கரங்களில் நான் எதுவும் பூசுவதில்லை. தண்டின் இரண்டு நுனியிலும் ஊசிமுனையளவு மெல்லிய எண்ணெய், அவ்வளவுதான். மண்ணோ பிறெயிட்டின் சிலும்போ பல்லுக்குள் சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். மயிரிழை மாதிரி ஒரு துண்டு போதும் கவுண்டரை நிறுத்த.

திறக்கும்போது வெள்ளைத் துவாயை விரித்து, ஒவ்வொரு படியையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு திறவுங்கள். றீசெற் பொத்தானுக்கு அடியில் சின்னஞ்சிறிய ஸ்பிறிங் இருக்கும். அது பாய்ந்து கம்பளத்துக்குள் விழுந்தால் கிடைக்காது. பல் உடைந்திருந்தால் றீலின் மொடல் எண்ணை வைத்து உதிரிப்பாகப் படம் தேடினால் அந்தச் சக்கரத்தின் இலக்கம் கிடைக்கும், தனியே வாங்கலாம்.

ஆவி பிடிப்பதைப் பற்றி. குளிர்ந்த தண்ணீர் தெறித்து, பிறகு வெயில் பட்டு, ஒரு மணி நேரத்தில் தானாக மறையும் மெல்லிய மூட்டம் என்றால் விட்டுவிடுங்கள். துளியாக நின்று, சரித்தால் ஓடுகிறது என்றால் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கவுண்டரின் மூடியைக் கழற்றி, றீலை மூடிய பெட்டி ஒன்றில், புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வருமே அந்த ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் பத்துப் பதினைந்தோடு, இரண்டு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அரிசி மா பல்லுக்குள் போய் இன்னொரு பழுதைக் கொண்டுவரும். தலைமயிர் உலர்த்தும் கருவியும் வேண்டாம், பிளாஸ்ரிக் கோணும். காய்ந்த பிறகு மூடி பொருந்தும் விளிம்பில் சிலிக்கன் கிறீஸை மெல்லிய கோடாகத் தடவி மூடுங்கள். மீன்பிடித்து வந்ததும் றீலைக் குழாயால் பீய்ச்சிக் கழுவுகிறீர்களா? உப்புக்கடலில் பழகியவர்கள் அப்படிச் செய்வார்கள், அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் இருக்கலாம். இது நன்னீர். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பீய்ச்சும் தண்ணீர்தான் மூடிக்குள் புகுகிறது.

கண்ணாடி உள்ளே ஈரமில்லாமலே பால் மாதிரி மங்கி, தொட்டால் பிசுபிசுக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆவியல்ல, நுளம்பு மருந்து. டீட் கலந்த மருந்து பல வகைப் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். கையில் பூசிவிட்டு றீசெற்றை அழுத்தும் விரல்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பூசினால் கையைக் கழுவிவிட்டு றீலைத் தொடுங்கள்.

இப்போது அப்பாவின் பாகக் கணக்கு. அவர் சொல்வது சரி, ஏனென்றால் பாகம் நூலை அளக்கிறது. விரித்த இரண்டு கைக்கு நடுவில் இருப்பது நூல்தான், சுற்றல்ல. இரண்டு றீலும் தயாரானதும் வீட்டு வாசலிலோ பூங்காவிலோ அப்பாவைக் கூப்பிடுங்கள். அவருடைய ஒரு பாகம் எத்தனை அடி என்று முதலில் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். ஐந்தரை அடி என்றால் 18 பாகம் 99 அடி. நீங்கள் தடியைப் பிடித்து 0-இல் வையுங்கள், ட்ராக்கை இலேசாக விடுங்கள், அவர் நூலை நேராக இழுத்துப் பாகம் பாகமாக எண்ணட்டும். 18 ஆனதும் கவுண்டரைப் பாருங்கள். 106 காட்டினால் 106 என்றே ஒரு ரேப் துண்டில் எழுதி, றீலின் பக்கத்தில் ஒட்டுங்கள். 36 பாகத்துக்கும் இதையே செய்யுங்கள், தூரம் கூடினால் பிழையும் கூடும். சரியாக 100 வரவேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு றீலும் ஒரே இலக்கத்தைக் காட்டுகின்றனவா என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டும் 106 என்றால் நீங்கள் ஏரிக்குப் போகலாம். ஒன்று 106, மற்றது 114 என்றால் 114 காட்டுவதில் நூல் குறைவு, அடித் தங்கூசியைக் கூட்டுங்கள்.

எப்போதாவது ஈயக்கம்பி உள்ளே ஓடும் லெட்கோர் நூலுக்குப் போனால், கவுண்டரைப் பார்க்கவே வேண்டாம். தடித்த நூல் என்பதால் விட்டம் மளமளவென்று சுருங்கிக் கணக்கு நிற்காது. அதில் பத்து யார், அதாவது 30 அடி, நூலுக்கு ஒரு தரம் நிறம் மாறும். நிறத்தை எண்ணினால் போதும், அதுவும் பாகம் மாதிரி நூலையே அளக்கும் கணக்குத்தான்.

மாரிக்கு றீலை எடுத்துவைக்கும்போது ட்ராக்கை முழுதாகத் தளர்த்திவிட்டு வையுங்கள். 20 சுற்றுச் சோதனையில் முதலாவது றீல் என்ன காட்டியது என்று பத்து இலக்கத்தையும் எனக்கு எழுதுங்கள். பல் தவறுகிறது என்றால் எந்தச் சக்கரம் என்று அதிலிருந்தே சொல்ல முயற்சிக்கிறேன்.